ஒரு பிக்சலுக்கு 22 சென்ட்: மலைச்சரிவு மனைக்கு பிளெண்டர்ஜிஐஎஸ்ஸும் இலவச உயரத் தரவும் போதுமா?

இணையத்தில் காசில்லாமல் கிடைக்கும் நில உயரத் தரவு ஏறத்தாழ எல்லாமே 30 மீட்டர் கட்டம்தான். 30க்கு 30 மீட்டர் என்றால் 900 சதுர மீட்டர். நம் கணக்கில் 22 சென்ட். அந்த 22 சென்ட்டுக்கும் சேர்த்து ஒரே ஓர் உயர எண்தான் இருக்கும். குன்னூர்ப் பக்கம் தேயிலைச் சரிவில் 40 சென்ட் மனை வைத்திருப்பவர், கட்டப்போகும் வீட்டுக்கு முப்பரிமாணப் படம் கேட்கிறார் என்று வையுங்கள். அவருடைய மொத்த மனைக்கும் இரண்டு எண்கூட முழுதாகத் தேறாது. சாலையோரக் கரை 2 மீட்டர் செங்குத்தாக வெட்டப்பட்டிருக்கலாம், நடுவில் சிற்றோடை இறங்கலாம், கீழ் எல்லையில் பழைய கருங்கல் சுவர் இருக்கலாம். தரவுக்கு இதில் எதுவும் தெரியாது.

பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்கான துணைநிரல் பிளெண்டர்ஜிஐஎஸ். அதில் இடத்தைத் தேடிப் பிடித்து உயரத்தை இறக்கினால் சில நிமிடங்களில் திரையில் மலை வந்து நின்றுவிடுகிறது. பார்க்க அத்தனை நன்றாக இருப்பதால், அதன்மேல் அப்படியே வீட்டைத் தூக்கி வைக்கத் தோன்றும். தவறு அங்கேதான் தொடங்குகிறது. சரிவு உண்மையில் 20 டிகிரி, தரவு மழுங்கிப்போய் 12 டிகிரி என்று காட்டுகிறது என்றால், 12 மீட்டர் ஆழமுள்ள வீட்டுக்கு முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் உள்ள மட்ட வித்தியாசம் 4.4 மீட்டருக்குப் பதில் 2.6 மீட்டர் ஆகிவிடும். விடுபட்ட 1.8 மீட்டர் என்பது ஆள் உயரத் தடுப்புச் சுவர். படத்தில் புல்வெளியாகத் தெரிந்த இடத்தில் கட்டும்போது கருங்கல் சுவர் வந்து நிற்கும். அதற்கான பணம் வீட்டுக்காரர் பையிலிருந்துதான் போகும்.

ஆகவே இந்த மதிப்பீட்டின் முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். பின்னணி மலைக்கு இந்தக் கருவியும் தரவும் முதல்தரம். வீட்டின் காலடி நிலத்துக்கு இவற்றை நம்பவே கூடாது. இரண்டையும் தையல் தெரியாமல் சேர்ப்பதுதான் வேலை. அதற்கு எந்தத் தரவை எடுப்பது, மனையை எப்படி அளப்பது, எங்கே ஒட்டுவது என்பதைக் கீழே பார்க்கலாம். எடுத்துக்காட்டு முழுக்க அதே 40 சென்ட்: சுமார் 32க்கு 50 மீட்டர், 20 டிகிரி சரிவு, சுற்றிலும் தேயிலை, ஓரத்தில் யூகலிப்டஸ் தோப்பு.

எந்தத் தரவு?

எஸ்ஆர்டிஎம்தான் எல்லோருக்கும் தெரிந்த பெயர். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுற்றி ரேடாரால் அளந்தது. நம் ஊருக்கு முதலில் 90 மீட்டர் கட்டத்தில்தான் கிடைத்தது. 2014இலிருந்து 30 மீட்டர் கட்டத்தையும் படிப்படியாகத் திறந்துவிட்டார்கள். பிளெண்டர்ஜிஐஎஸ்ஸின் உயரப் பட்டன் கொண்டுவருவதும் இதைத்தான். இதில் இரண்டு குறைகள். முதலாவது, உயரங்கள் முழு மீட்டரில் மட்டுமே பதிந்திருக்கும். மென்மையான சரிவில் 30 மீட்டருக்கு 90 சென்டிமீட்டர்தான் ஏற்றம் என்றால், அது 0 அல்லது 1 என்று முழுமையாக்கப்பட்டு படிப்படியாகத் தெரியும். செங்குத்தான நீலகிரிச் சரிவில் இது கண்ணில் படாது. ஓசூர், தருமபுரிப் பக்கத்து மெல்லிய மேடுகளில் அப்பட்டமாகத் தெரியும். இரண்டாவது, அது 2000ஆம் ஆண்டின் நிலம். அதற்குப் பிறகு வெட்டிய சாலையோ சமன்படுத்திய மேடோ அதில் இருக்காது.

கோப்பர்னிகஸ் ஜிஎல்ஓ-30 இன்று இலவசத் தரவுகளில் சிறந்தது. டான்டெம்-எக்ஸ் ரேடார் செயற்கைக்கோள்கள் 2011 முதல் 2015 வரை எடுத்த அளவுகளிலிருந்து உருவானது. உயரங்கள் தசம எண்களாக இருப்பதால் படிக்கட்டுத் தோற்றம் கிடையாது. 90 சதவீத இடங்களில் முழு உயரப் பிழை 4 மீட்டருக்குள் என்பது அதன் விவரக்குறிப்பு; பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு இடையிலான பிழை இன்னும் குறைவு. படத்துக்கு நமக்கு முக்கியம் இந்த இரண்டாவது பிழைதான். மொத்த மலையும் 3 மீட்டர் உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால் யாருக்கும் தெரியாது, மலையின் வடிவம் கெட்டால் தெரியும்.

ஆனால் இரண்டுக்கும் ஒரே நோய். ரேடார் தரையைப் பார்ப்பதில்லை, மர உச்சியைப் பார்க்கிறது. டான்டெம்-எக்ஸின் அலைநீளம் 3 சென்டிமீட்டர் அளவுதான். அடர்ந்த இலைக்குள் அது அதிகம் நுழையாது. 25 மீட்டர் உயர யூகலிப்டஸ் தோப்பு மனையின் ஓரத்தில் இருந்தால், தரவில் அது மண்மேடாகவே நிற்கும். அந்தப் போலி மேட்டின்மேல் நாம் மறுபடி மரம் நட்டால் தோப்பு இரட்டை உயரத்தில் வானத்தை மறைக்கும். நீலகிரிப் படங்களில் இந்தப் பிழை அடிக்கடி நேரும். மலையைப் பார்த்துப் பழகிய கண் உடனே பிடித்துவிடும்.

மரங்களையும் கட்டடங்களையும் கழித்துத் தரும் ஃபேப்டெம் என்ற தரவு 2022இல் வந்தது. கோப்பர்னிகஸையே எடுத்து, கணினிக் கற்றல் முறையால் தரைமட்டத்தை மதிப்பிட்டது. நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் அதன் உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கு இடம் தருவதில்லை. கூலி வாங்கிச் செய்யும் படத்தில் சேர்க்கக் கூடாது. கல்லூரித் திட்டப்பணிக்குப் பயன்படுத்தலாம்.

நம் இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்ட்டோடெம் இருக்கிறது. 2005இல் ஏவிய கார்ட்டோசாட்-1இன் இரட்டைப் படங்களிலிருந்து எடுத்தது, பல இடங்களில் வடிவம் நன்றாக இருக்கும். இதை எடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: இதன் உயரம் கடல்மட்டத்திலிருந்து அல்ல, பூமிக்குக் கணிதம் தரும் வடிவமான நீள்வட்டக் கோளத்திலிருந்து கணக்கிடப்பட்டது. தென்னிந்தியாவில் இரண்டுக்கும் சுமார் 90 மீட்டர் வித்தியாசம். குன்னூரை 90 மீட்டர் தாழ்வாகக் காட்டுகிறதே என்று தரவைத் தூக்கிப் போட வேண்டாம், கூட்டிக்கொண்டால் போதும். கார்ட்டோடெம்மையும் கோப்பர்னிகஸையும் பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளாக ஒட்டினால் மட்டும் நடுவில் 90 மீட்டர் பாறைச் சுவர் முளைக்கும்.

எந்தத் தரவானாலும் மட்டம் சரியா என்று பார்க்க எளிய வழி ரயில் நிலையப் பெயர்ப்பலகை. ஒவ்வொரு நிலையத்திலும் கடல்மட்ட உயரம் எழுதியிருக்கும். நீலகிரி மலை ரயில் பாதை நெடுக அப்படிப்பட்ட பலகைகள் இருப்பதால் மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை வரை சரிபார்த்துக்கொண்டே போகலாம். தொட்டபெட்டாவின் 2637 மீட்டரையும் ஒப்பிடலாம். ஆனால் 30 மீட்டர் கட்டம் சிகரத்தைச் சராசரியாக்கி மழுக்குவதால் தரவில் சற்றுக் குறைவாகத்தான் வரும்.

சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 வரைபடத்தில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டருக்கு ஒன்று. 20 டிகிரி சரிவில் இரண்டு கோடுகளுக்கு இடையே 55 மீட்டர். நம் மனையில் ஒரு கோட்டுக்கு மேல் விழாது. ஓடை எந்தப் பக்கம் இறங்குகிறது, முகடு எங்கே திரும்புகிறது என்று பார்க்க மட்டும் உதவும்.

பிளெண்டர்ஜிஐஎஸ்: எது நன்று, எது தடுமாற்றம்

இலவசம், திறந்த மூலம். கிட்ஹப்பிலிருந்து ஜிப் கோப்பை இறக்கி, பிளெண்டரின் ஆட்-ஆன் பகுதியில் நிறுவ வேண்டும். அமைப்பில் தற்காலிகக் கோப்புறை ஒன்றைக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் பேஸ்மேப் என்ற பின்னணி வரைபடம் திறக்காது. உயரத் தரவுக்கு ஓபன்டோபோகிராஃபி தளத்தில் இலவசக் கணக்கு தொடங்கி, அவர்கள் தரும் ஏபிஐ சாவியை அமைப்பில் ஒட்ட வேண்டும். பட்டன் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இந்தச் சாவி இல்லாததுதான்.

ஜிஐஎஸ் மெனுவில் வெப் ஜியோடேட்டா, அதில் பேஸ்மேப். ஜி விசையை அழுத்தி ஊர்ப்பெயரைத் தேடலாம், ஈ விசை திரையில் தெரியும் பகுதியைச் சட்டமாக வெட்டித் தளமாக்கும். பிறகு அதே மெனுவில் உயரத்தை எடுத்தால், தளத்தைச் சிறு சதுரங்களாகப் பிரிக்கும் சப்டிவிஷனும், அவற்றை உயரத்துக்கேற்பத் தூக்கும் டிஸ்பிளேஸும் அதன்மேல் ஏறிவிடும். இந்த வசதிக்குள் மூன்று பொறிகள்.

பேஸ்மேப் இயல்பாக இயங்குவது வெப் மெர்க்கேட்டர் அளவுமுறையில். அது நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நிலத்தை நீட்டும். குன்னூரின் அட்சரேகையில் 2 சதவீதம், சென்னையில் ஏறத்தாழ 2.7 சதவீதம். 50 மீட்டர் மனை 51 மீட்டராகும். உயரமோ நீளாமல் அப்படியே இருப்பதால் சரிவும் கொஞ்சம் குறையும். பின்னணிக்கு இது பொருட்டில்லை; புல வரைபடத்தை மேலே வைத்தால் மூலைகள் பொருந்தவே பொருந்தாது. வேலையை, பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யூடிஎம் அளவுமுறையில் செய்ய வேண்டும். தமிழ்நாட்டை 78 டிகிரி தீர்க்கரேகை இரண்டாகப் பிரிக்கிறது: நீலகிரி, கோவை, கொடைக்கானல் 43ஆம் மண்டலம், எண் 32643. சென்னை, மதுரை, ஏற்காடு 44ஆம் மண்டலம், எண் 32644. பக்கத்து மண்டலத்தைத் தவறிப் போட்டால் படம் சாய்ந்து நிற்கும்.

இரண்டாவது பொறி சப்டிவிஷன். ஒற்றைச் சதுரத் தளத்தில் நிலை 6 என்றால் ஒரு பக்கத்துக்கு 64 பிரிவு. 5 கிலோமீட்டர் சட்டத்தில் அது 78 மீட்டருக்கு ஒரு புள்ளி. இருக்கிற 30 மீட்டர் விவரத்திலேயே பாதிக்கு மேல் தொலைந்துபோகும். நிலை 8க்கு ஏற்றினால் 20 மீட்டருக்குள் வரும். அதற்கு மேல் ஏற்றிப் பயனில்லை. தரவில் இல்லாத விவரம் சப்டிவிஷனில் பிறக்காது.

மூன்றாவது, உயரப் படத்தைக் கையால் ஏற்றுபவர்களுக்கானது. 8 பிட் பிஎன்ஜி 256 படிகள்தான் தாங்கும். மேடு பள்ளம் 300 மீட்டர் என்றால் ஒரு படி 1.2 மீட்டர், வயல் வரப்பு போல வரிவரியாகத் தெரியும். 16 பிட் பிஎன்ஜியோ, இட விவரத்தோடு வரும் படக்கோப்பான ஜியோடிஃபின் தசம வடிவமோ வேண்டும். பிளெண்டரில் அந்தப் படத்தின் கலர் ஸ்பேஸை நான்-கலர் ஆக்காவிட்டால் வண்ணத் திருத்தம் உயர எண்களையும் வளைத்து, பள்ளங்களைத் தட்டையாக்கி மேட்டைச் செங்குத்தாக்கிவிடும். டிஸ்பிளேஸின் மிட்லெவல் இயல்பாக 0.5, அதை 0 ஆக்க வேண்டும்.

இவற்றால், பட்டனை நம்புவதைவிட க்யூஜிஐஎஸ் என்ற இலவச வரைபட மென்பொருள் வழியாகப் போவதே நல்லது. ஓபன்டோபோகிராஃபி தளத்திலிருந்து கோப்பர்னிகஸ் ஜியோடிஃபை நேரடியாக இறக்கி, க்யூஜிஐஎஸ்ஸில் வார்ப் கருவியால் 32643க்கு மாற்ற வேண்டும். மறுமாதிரி முறையாக கியூபிக் ஸ்ப்லைனைத் தேர்ந்து, மனையைச் சுற்றி 400 மீட்டர் சட்டத்துக்கு 1 மீட்டர் கட்டமாகவும், தொலைப் பின்னணிக்கு 30 மீட்டராகவும் தனித்தனியே எடுத்துவையுங்கள். அருகிலுள்ள எண் முறை படிக்கட்டாக்கும், பைலீனியர் 30 மீட்டருக்கு ஒரு மடிப்புக் கோடு போடும். காலை வெயில் சாய்வாக விழும் படத்தில் அந்த மடிப்புகள் வரிசையாகப் பளிச்சிடும். கியூபிக் ஸ்ப்லைன் விவரம் சேர்ப்பதில்லை, ஆனால் இல்லாத மடிப்பையும் போடாது.

தோப்பு மேட்டையும் இங்கேயே நீக்கிவிடலாம். செயற்கைக்கோள் படத்தைப் பார்த்துத் தோப்பைச் சுற்றி, ஒரு கட்டம் வெளியே தள்ளி எல்லை வரைந்து, உள்ளே இருப்பதை வெற்று மதிப்பாக்கி, ஃபில் நோடேட்டா கருவியால் நிரப்பினால் சுற்றியுள்ள சரிவே உள்ளேயும் தொடரும். மனையைத் தொடும் தோப்புகளுக்கு மட்டும் இதைச் செய்தால் போதும். எதிர்மலைக் காட்டுக்குத் தேவையில்லை, அங்கே மர உச்சியே நிலமாக இருப்பது படத்துக்கு உதவிதான்.

பிறகு பிளெண்டர்ஜிஐஎஸ்ஸின் ஜியோராஸ்டர் இறக்குமதி. இங்கே ஆட்-ஆன் முழு மதிப்பெண் வாங்குகிறது. யூடிஎம் அளவுமுறையில் குன்னூரின் வடக்கு எண் 12.5 லட்சம் அளவில் வரும். பிளெண்டர் ஒற்றைத் துல்லிய எண்களில் கணக்கிடுவதால் அவ்வளவு பெரிய எண்ணில் மிகச் சிறிய படியே 12.5 சென்டிமீட்டர், கதவு நிலை, ஜன்னல் சட்டம் எல்லாம் கோணலாகும். பிளெண்டர்ஜிஐஎஸ் காட்சிக்கு ஒரு மூலப்புள்ளி வைத்து எல்லாவற்றையும் அதிலிருந்து கழித்தே கொண்டுவருகிறது. வேறு வழியில் கோப்பை ஏற்றுபவர்கள் இந்தக் கழித்தலைத் தாங்களே செய்ய வேண்டும்.

மனையை அளப்பது

எல்லைக்கு ஆதாரம் எஃப்எம்பி எனப்படும் புல வரைபடம். தமிழ்நாடு அரசின் இ-சேவைத் தளத்தில் புல எண் கொடுத்து எடுக்கலாம். ஜி லைன் என்ற அடிப்படை அளவுக் கோடும் அதிலிருந்து பக்கவாட்டு அளவுகளும் இருக்கும், உயரம் இருக்காது. வரைபடத்தை உண்மையான இடத்தில் உட்காரவைக்கும் க்யூஜிஐஎஸ்ஸின் ஜியோரெஃபரன்சரில் பொருத்தும்போது ஹெல்மெர்ட் முறையைத் தேர்வு செய்யுங்கள்: நகர்த்தும், திருப்பும், சீராகப் பெரிதாக்கும், ஆனால் கோணலாக்காது. மலையில் செயற்கைக்கோள் படமே சில மீட்டர் விலகியிருக்கக்கூடும். ஆகவே படத்துக்கு ஏற்ப எல்லையை இழுக்காமல், எல்லைக்கு ஏற்பப் படத்தை நகர்த்துவதே முறை.

புல வரைபட அளவுகள் கிடைமட்டத்தில் உள்ளவை. சரிவோடு சரிவாக டேப்பைப் பிடித்தால் 20 டிகிரியில் 20 மீட்டர் என்று படிப்பது உண்மையில் 18.8 மீட்டர். டேப்பை மட்டமாகப் பிடித்து, தூக்குக்குண்டு விட்டு, 5 மீட்டர் 5 மீட்டராகப் படி இறங்க வேண்டும்.

உயரத்துக்குக் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலே போதும். 20 மீட்டர் நீள ஒளிபுகும் பிளாஸ்டிக் குழாய், 2 மீட்டர் அளவுகோல் இரண்டு, ஆள் இரண்டு பேர். நிற்கும் இடத்துக்கு இடம் மட்ட வித்தியாசம் அளவுகோலைத் தாண்டக் கூடாது. நம் சரிவில் 5 மீட்டருக்கு 1.8 மீட்டர் இறங்குவதால் 5 மீட்டர் இடைவெளிதான் எல்லை. அது நமக்கு வேண்டிய கட்ட இடைவெளியாகவே அமைந்துவிடுகிறது. குழாயில் காற்றுக் குமிழி ஒன்று தங்கினாலும் அளவு முழுக்கப் பொய். வாளியிலிருந்து மெதுவாக உறிஞ்சி நிரப்பி, இரு முனையையும் அருகருகே பிடித்து ஒரே மட்டம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே தொடங்க வேண்டும். தண்ணீரில் கொஞ்சம் நீலம் கலந்தால் படிக்கச் சுலபம். மேல் எல்லையிலிருந்து கீழ் எல்லைக்கு மொத்தம் 18 மீட்டர் இறக்கம். ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவியும் 4 மீட்டர் அளவுகோலான ஸ்டாஃபும் வாடகைக்குக் கிடைத்தால் கருவியை ஐந்தாறு இடத்தில் மாற்றி வைத்தாலே முடிந்துவிடும். செங்குத்தான மனைக்கு அதுதான் வசதி.

5 மீட்டர் கட்டத்துக்கு 7 வரிசை, வரிசைக்கு 11 புள்ளி, ஆக 77 புள்ளிகள். ஆனால் கட்டப் புள்ளிகள் மட்டும் போதாது. நிலம் முறியும் இடங்கள்தான் படத்தின் உயிர்: சாலைக் கரையின் மேல்விளிம்பும் அடியும், ஓடையின் இரு கரையும் நடுவும், சுவரின் தலையும் காலும். இவற்றில் ஒவ்வொரு முறிவுக்கும் மேலே ஒன்று கீழே ஒன்று என்று 1 மீட்டருக்கு ஒரு முறை எடுக்க வேண்டும். கடைசியில் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்து மட்டம் பார்க்க வேண்டும். 5 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் எங்கோ தவறிவிட்டது, மறுபடி எடுக்க வேண்டும்.

கைபேசி ஜிபிஎஸ் உயரத்தை இதற்கு எண்ணிக்கூடப் பார்க்க வேண்டாம்; மரத்தடியில் 10 மீட்டர் கூடக் குறையச் சொல்லும். ஐஃபோன் ப்ரோவில் உள்ள லைடார் என்ற லேசர் அளவி 5 மீட்டர் தூரம்தான் எட்டும். சுவர், பாறை, படிக்கட்டு ஆகியவற்றைத் தனித்தனியே பிடிக்க அருமையானது, மனை முழுவதையும் பிடிக்க அல்ல.

டிரோன் இருந்தால் வேலை மிச்சம், ஆனால் இரண்டு விஷயம். 250 கிராமுக்கு உட்பட்ட நானோ டிரோனுக்கு 2021 விதிகளின்படி ஓட்டுநர் சான்றிதழ் தேவையில்லை. ஆனால் வான்வெளித் தடை எல்லா டிரோனுக்கும் உண்டு. வெலிங்டன் ராணுவப் பகுதியும் அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலையும் இருக்கும் குன்னூரில் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தைப் பார்க்காமல் எதையும் பறக்கவிடக் கூடாது. அடுத்தது தேயிலை. டிரோன் படங்களிலிருந்து வரும் புள்ளிகளைக் கையாளும் கிளவுட்கம்பேர் மென்பொருளில் உள்ள துணி விரிப்பு வடிகட்டி, செடிக்கு நடுவே தெரியும் தரைப் புள்ளிகளை வைத்துத்தான் தரையைக் கண்டுபிடிக்கும். கவாத்துக்குப் பிறகு தழைத்த தேயிலை இடைவெளியே இல்லாமல் மூடியிருப்பதால் தரை தெரியவே தெரியாது. அதே சமயம் கொழுந்து பறிக்கும் மேல்மட்டம் தரைக்கு இணையாகவே வளர்க்கப்படுகிறது. பத்து இடத்தில் செடியின் உயரத்தைக் குச்சியால் அளந்து, சராசரியை மொத்தமாகக் கழித்துவிட்டால் தரை கிடைத்துவிடும். காபி, மரக்கறித் தோட்டங்களில் இந்த வழி செல்லாது.

ஒட்டும் இடம்

அளந்த புள்ளிகள் உள்ளூர் மட்டத்தில், அதாவது தொடக்கப் புள்ளியை 100.00 என்று வைத்து இருக்கும். அதைக் கோப்பர்னிகஸ் உயரத்தோடு இணைக்க ஒரே ஒரு புள்ளியை எடுத்துக் கூட்டுவது பெரும்பாலோர் செய்யும் பிழை. அந்தப் புள்ளி மரத்தடியில் இருந்தால் மனை முழுவதும் பள்ளத்திலோ மேட்டிலோ போய் நிற்கும். மரமில்லாத இடத்துப் புள்ளிகள் எல்லாவற்றிலும் தரவு உயரத்திலிருந்து அளந்த உயரத்தைக் கழித்து, வந்த எண்களை வரிசைப்படுத்தி நடு எண்ணை எடுத்து, அளந்த உயரங்கள் எல்லாவற்றோடும் கூட்டுங்கள். சராசரி வேண்டாம், ஒரே ஒரு கெட்ட புள்ளி சராசரியை இழுத்துவிடும், நடு எண் அசையாது.

இனித் தையல். அளந்த நிலத்தை வெட்டித் தரவுக்குள் பதித்தால் எல்லையில் சுவர் நிற்கும். அதற்குப் பதில் வித்தியாசத்தை மட்டும் பரப்ப வேண்டும். க்யூஜிஐஎஸ்ஸில் ஒவ்வொரு அளந்த புள்ளிக்கும் 1 மீட்டராக்கிய தரவின் உயரத்தை எடுத்து, புதிய பத்தியில் அளந்தது கழித்தல் தரவு என்று எழுதுங்கள். மனை எல்லையிலிருந்து 60 மீட்டர் வெளியே சுற்றிலும் 5 மீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து வித்தியாசம் 0 என்று கொடுங்கள். இந்த எல்லாப் புள்ளிகளையும், புள்ளிகளை முக்கோணங்களால் இணைக்கும் டின் இன்டர்பொலேஷனில் விட்டால் 0.5 மீட்டர் கட்டத்தில் வித்தியாசப் பரப்பு ஒன்று வரும்; முறிவுக் கோடுகளையும் அதில் கோடாகவே சேர்க்கலாம். ராஸ்டர் கால்குலேட்டரில் தரவோடு அதைக் கூட்டினால் முடிந்தது. மனைக்குள் அளந்த நிலம் அப்படியே இருக்கும், 60 மீட்டர் போவதற்குள் மெல்லத் தரவில் கரைந்துவிடும். வித்தியாசம் எங்காவது 8, 10 மீட்டர் என்று வந்தால் 60 மீட்டர் வளையம் போதாது, 100க்கு நகர்த்துங்கள். இல்லாவிட்டால் இயற்கையில் இல்லாத கிண்ண வடிவம் தெரியும்.

பிளெண்டர்ஜிஐஎஸ்ஸிலும் புள்ளிகளை இணைக்கும் டெலனே முக்கோணக் கருவி இருக்கிறது, வேகமானது. ஆனால் அது முறிவுக் கோடுகளை மதிப்பதில்லை, புள்ளிகளை மட்டும் பார்க்கிறது. கரையின் மேல் புள்ளிக்கும் எதிரே வெகுதூரத்தில் உள்ள அடிப் புள்ளிக்கும் முக்கோணம் போட்டுக் கரையைச் சாய்தளமாக்கிவிடும். 1 மீட்டருக்கு ஒரு புள்ளி எடுத்திருந்தால் ஓரளவு தப்பலாம். ஓரங்களில் உருவாகும் நீண்ட ஊசி முக்கோணங்களைக் கையால் அழிக்க வேண்டும்.

ஸ்கெட்ச்அப் பயன்படுத்துவோர்க்கு ஒரு சொல். ஆட் லொகேஷன் தரும் நிலத்துக்கும் இதே வரம்புகள்தான். டெஸ்க்டாப் பதிப்பின் சாண்ட்பாக்ஸில் ஃப்ரம் கான்டூர்ஸ் கருவி, ஒரே கோட்டின் மூன்று புள்ளிகளை இணைத்து முகட்டையும் ஓடையையும் தட்டையாக்கும் பழக்கமுடையது. முகட்டுக் கோட்டையும் ஓடைக் கோட்டையும் உயரத்தோடு முன்பே வரைந்து சேர்த்தால் இது பெரும்பாலும் நிற்கும். மிச்சத்தை ஃப்ளிப் எட்ஜால் திருப்பலாம். வீட்டை உட்காரவைக்கும் ஸ்டாம்ப் கருவி சுற்றிலும் ஒரே அகலத்தில் மண்ணை இழைக்கும். மலையில் மேல்பக்கம் வெட்டு, கீழ்ப்பக்கம் நிரப்பு. இரண்டுக்கும் சாய்வு வேறு. அந்தக் கருவியைச் சமவெளிக்கு வைத்துக்கொண்டு, மலையில் சுவரைச் சுவராகவே வரைவது மேல்.

நிலத்தின் மேல்

400 மீட்டர் சட்டம் முழுவதையும் 0.5 மீட்டரில் வைத்தால் 6.4 லட்சம் சதுரங்கள். நடுத்தரக் கணினியைத் திணறடிக்கும். மனையும் வளையமும் மட்டும் 0.5 மீட்டர், அதற்கு வெளியே 2 மீட்டர், தொலைவில் 30 மீட்டர் என்று மூன்று துண்டாகப் பிரியுங்கள். 10 கிலோமீட்டர் பின்னணிகூட 30 மீட்டரில் சுமார் 1.1 லட்சம் சதுரங்களில் அடங்கிவிடும். தொட்டபெட்டா நேர்கோட்டில் 10 கிலோமீட்டருக்குள். அந்தப் பக்கம் பார்க்கும் படத்துக்குப் பூமியின் வளைவைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை, 10 கிலோமீட்டரில் அது 8 மீட்டர்தான். சமவெளியைப் பார்த்துத் திறக்கும் வராந்தா என்றால் 30 கிலோமீட்டரில் 70 மீட்டர் இறங்கும். அடிவானம் சற்றுத் தாழவேண்டும்.

செயற்கைக்கோள் படத்தைத் தரைப் பூச்சாக 150 மீட்டருக்கு அப்பால் மட்டும் போடுங்கள். அருகில் போட்டால் கலங்கும். அதைவிட, அந்தப் படத்தில் ஏற்கெனவே விழுந்திருக்கும் மர நிழல் நாம் வைக்கும் சூரியனோடு சண்டை போடும். அருகில் தேயிலையை நடத்தான் வேண்டும். 1.2 மீட்டருக்கு 0.75 மீட்டர் இடைவெளியில் ஒரு ஹெக்டேருக்கு 11,000 செடி. பிளெண்டரின் ஜியோமெட்ரி நோட்ஸில் ஒரே செடியின் நகலாக மட்டும் வைத்தால் கணினி தாங்கும். வரிசைகள் சரிவின் குறுக்கே, சமஉயரக் கோட்டோடு போகட்டும். செடியின் மேல்மட்டத்தைச் சரிவுக்கு இணையாகச் சாயுங்கள், நடுவே நிற்கும் சில்வர் ஓக்கை மட்டும் நேராக நிமிர்த்துங்கள்.

வீட்டை வைத்த பிறகு, படத்தை அனுப்பும் முன் செய்ய வேண்டிய ஒன்று: சரிவின் போக்கில் வீட்டின் நடுவில் ஒரு வெட்டுத்தோற்றம் எடுத்து, மேல்பக்கம் மண் எவ்வளவு உயரத்தில் முட்டுகிறது, கீழ்ப்பக்கம் அடித்தளம் எவ்வளவு வெளியே தெரிகிறது என்று அளந்து பாருங்கள். 1 மீட்டருக்கு மேல் மண் முட்டும் ஒவ்வோர் இடத்திலும் படத்தில் கருங்கல் சுவரும், அதில் தண்ணீர் வடியும் துளைகளும், அடியில் வாய்க்காலும் தெரிய வேண்டும்.